வார்டனுக்கு டீ

ஆக்ஸ்ஃபோர்டில் எங்கள் கல்லூரித் தலைவருக்கு வார்டன் என்று பட்டம். பக்கத்துக் கல்லூரியில் மாஸ்டர், எதிரே புரவோஸ்ட். யாராவது மாற்றிச் சொன்னால் சண்டைக்கே போவோம். பெயர் சொல்லி மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை.

டோரீன் டிரிண்டர் இருபத்தாறு வருடம் வார்டன் வீட்டுக்குக் காலை டீ கொண்டுபோனவள். வாசல் காவலனான என்னையே அதட்டுவாள். அதுவரை வார்டனாக இருந்த கிழவர் இறந்தபின் ஹெஸ்டர் என்ற அம்மாள் வார்டனாக வந்தார். முதல் நாள் டோரீன் கதவைத் தட்டினாள்.

“டீ கொண்டாந்திருக்கேன், வார்டன்.”

“வாங்க” என்று உள்ளிருந்து இரண்டு குரல் கேட்டது. ஒன்று அம்மாளுடையது. மற்றது கிழவருடையது.

தட்டோடு என்னிடம் ஓடி வந்து சொன்னாள்.

“பட்டத்தைச் சொன்னா ரெண்டு பேரும்தான் வருவாங்க. அந்தம்மா பேரைச் சொல்லிக் கூப்பிடேன்” என்றேன்.

“நாக்கு கூசுதுய்யா!”

ஆனாலும் மறுநாள், “டீ, ஹெஸ்டர் அம்மா” என்றாள். ஒரு குரல்தான் பதில் சொன்னது. நிம்மதியாகத் திரும்பியபோது கதவருகே மெல்லக் கேட்டதாம்:

“அப்போ எனக்கு டீ இல்லையா, டோரீன்?”

உயிரோடு இருந்தவரை கிழவர் அவளை மிஸஸ் டிரிண்டர் என்றுதான் அழைத்தார்.

இப்போது தட்டில் இரண்டு கோப்பைகள் போகின்றன. இரண்டும் காலியாகத் திரும்புகின்றன.