சுத்தமாக வந்த படம்

கன்னையா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டெய்னர் லோரி ஓட்டினார். வீடு கிள்ளான் பக்கம் பண்டமாரானில். துறைமுகத்தில் பெட்டியை ஏற்றிக்கொண்டு தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளில் இறக்கிவிட்டு, வெறும் பெட்டியோடு திரும்புவார். அறுவைசிகிச்சைக்குப் பிறகு அவருடைய இருக்கைக்குப் பின்னால் ஒரு துணிப்பை எப்போதும் தொங்கியது. அதற்குள் பெரியவர்களுக்கான பேம்பர்ஸ். துறைமுக வரிசையில் லோரி நான்கு மணி நேரம் நகராது. புராஸ்டேட் சுரப்பியை எடுத்தவருக்கு மூத்திரம் நான்கு மணி நேரம் நிற்காது.

"என்னா அண்ணே, பேரனுக்கா?" என்று பக்கத்து லோரி டிரைவர் விஜயன் ஒருநாள் பையைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்குத்தான்டா. இந்த லைன்ல இன்னும் ஒரு மணி நேரம் நின்னா நீயே வந்து கேப்ப."

இப்படித்தான் அவர் தம் நோயைப் பற்றி வெளியில் பேசினார். வீட்டில் அதுவும் இல்லை.

2021இல், அறுபத்தொன்றாம் வயதில், புற்றுநோய் என்று சொல்லி அந்தச் சுரப்பியை எடுத்தார்கள். எடுத்துவிட்டால் இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற பொருள் ஏறக்குறைய இல்லாமல் போய்விட வேண்டும். அதை உண்டாக்குவது அந்தச் சுரப்பியின் செல்கள். சுரப்பியே இல்லாத உடம்பில் அது மறுபடி ஏறினால், அந்தச் செல்கள் எங்கோ உயிரோடு ஒளிந்திருக்கின்றன என்று பொருள். பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் செய்தி இது. 2023 மார்ச்சில் கன்னையாவுக்கு 0.2. ஆகஸ்டில் 0.3. இதன் பொருளை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல ஐந்து நிமிடம் போதும். அரசு மருத்துவமனைக் கிளினிக்கில் காலை எட்டு மணிக்கே எண்பது பேர் எண் சீட்டோடு உட்கார்ந்திருக்கும்போது அந்த ஐந்து நிமிடத்தை யார் கொடுப்பது? "லெவல் கொஞ்சம் ஏறியிருக்கு, ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம்" என்றார்கள். சி.டி. ஸ்கேன் ஒன்று, எலும்பு ஸ்கேன் ஒன்று. அந்த இரண்டு இயந்திரங்கள்தாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

அவர் மனைவி சந்திரகலா அன்றே ஒரு மஞ்சள் துணியில் ஐம்பது சென் நாணயத்தை முடிந்து சாமி படத்தின் முன்னால் வைத்தார். படம் சுத்தமாக வந்தால் தைப்பூசத்துக்குக் கன்னையா பால்குடம் எடுப்பார் என்பது வேண்டுதல்.

நவம்பரில் இரண்டு படங்களும் சுத்தமாக வந்தன.

சி.டி. ஸ்கேன் பார்ப்பது வடிவத்தை. ஒரு நிணநீர்க் கணு வீங்கி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆனால்தான் அதற்குச் சந்தேகம் வரும். எலும்பு ஸ்கேன், எலும்பு அரிபட்டுத் தன்னைப் பழுதுபார்க்கத் தொடங்கிய பிறகுதான் காட்டும். பி.எஸ்.ஏ. 0.3 இருக்கும் உடம்பில் ஒளிந்திருப்பது அரிசி மணியளவு இருந்தாலே அதிகம். அந்த நிலையில் இந்த இரண்டு படங்களும் சுத்தமாக வராமல் இருந்தால்தான் வியப்பு. பார்க்க முடியாத கருவி பார்க்கவில்லை என்று சொன்னது. அதை இல்லை என்று படித்தார்கள். பால்குடமும் எடுத்தார்கள்.

2024 சனவரியில் கன்னையா மஞ்சள் வேட்டிக்குள் பேம்பர்ஸ் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, தலையில் குடத்தோடு நடந்தார். வழியில் ஒருமுறை நனைந்துவிட்டது. சாமிக்கு முன்னால் அசுத்தமாக நிற்கிறோமே என்று அழுதார். உடனிருந்தவர்கள் அதைப் பக்தி என்று நினைத்தார்கள்.

பதினைந்து நாள் கழித்துக் கிளினிக்கில் 0.6 என்றார்கள். அன்று பார்த்த டாக்டர் விமலன் இளையவர், தமிழர். அவர் அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுத்தார்.

"அங்கிள், போன தடவ எடுத்த ஸ்கேன் தப்பில்ல. அதால பாக்க முடிஞ்சத அது பாத்துச்சு. இது வேற மாதிரி. பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன்னு சொல்வோம். ஒரு மருந்து ஊசியில ஏத்துவாங்க. அது போயி அந்த கேன்சர் செல்லு மேல ஒட்டிக்கும். ஒட்டுன எடம் படத்துல வெளிச்சமாத் தெரியும்."

"அதுல எல்லாம் தெரிஞ்சுருமா டாக்டர்?"

"எல்லாம்னு சொல்ல மாட்டேன். உங்க லெவலுக்கு பாதிக்கு மேல சான்ஸ் இருக்கு. தெரியலன்னாலும் ரேடியேஷன் குடுக்கலாம். ஆனா இப்பவே குடுக்கணும். லெவல் சின்னதா இருக்கும்போதுதான் அடியோட அழிக்க முடியும். லேட் பண்ணாதீங்க லா அங்கிள்."

ரேடியேஷன் பிரிவுக்கும் கடிதம் போட்டார். ஸ்கேன் எடுக்கக் கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனைக்கும் போட்டார். ஸ்கேனுக்குக் கிடைத்த தேதி சூன் மாதம். லேட் பண்ணாதீர்கள் என்று சொன்ன வாயே நான்கு மாதம் கழித்து ஒரு தேதியை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. தனியாரிடம் அடுத்த வாரமே எடுப்பார்கள், வசதி உள்ளவர்களுக்கு. அதே செல், அதே வேகத்தில் பெருகுவது. வரிசை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

கன்னையா இரண்டு கடிதங்களையும் மடித்து, லோரிக் கண்ணாடிக்கு மேலே வெயில் மறைக்கும் பலகையில் செருகினார். வீட்டில் "ஒரு வருஷம் கழிச்சு வரச் சொல்லிட்டாரு" என்றார். சந்திரகலா அன்று கேசரி கிண்டினார்.

சூன் வந்தது. அவர் போகவில்லை.

செப்டம்பரில் கிளினிக்கிலிருந்து ஒரு தாதி மகள் மாதவிக்குப் போன் செய்தார். "அப்பா ஏன் எந்த அப்பாயின்மெண்டுக்கும் வரல?" மாதவி தொழிற்சாலை அலுவலகத்திலிருந்து பாதி நாளில் கிளம்பி வந்து, லோரி நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்து, பலகையிலிருந்து கடிதங்களை உருவினாள். ஏன் என்று கேட்டதற்கு அவர் லோரிக் கதவைப் பூட்டத் தொடங்கினார். மறுநாள் இரத்தம் எடுத்தார்கள். 2.4. புதிய ஸ்கேன் தேதி சனவரி.

ரேடியேஷனுக்கும் போகாமல் ஏழு மாதத்தை அவர் தின்றார். அடுத்த நான்கு மாதத்தை வரிசை தின்றது. முதலாவதை அவர் தவறு என்று எல்லோரும் சொல்வோம். இரண்டாவதற்கு நிர்வாகம் என்று பெயர்.

2025 சனவரியில் மாதவி அவரைக் கோலாலம்பூருக்கு அழைத்துப் போனாள். ஈயக் கவசம் போட்ட ஊசியில் கதிர்வீசும் மருந்தை ஏற்றினார்கள். தனி அறையில் ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். பிறகு கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்கவைத்து, அரை மணி நேரம் இயந்திரத்துக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்தபோது, "இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் சின்னப் பிள்ளைங்க, மாசமா இருக்கறவங்க பக்கத்துல போகாதீங்க" என்று சொல்லியனுப்பினார்கள். மாதவி ஐந்து மாதம்.

அதனால் இரயிலில் அவர் ஒரு பெட்டி, அவள் ஒரு பெட்டி. கிள்ளான் இரயிலுக்கு நேரம் இருந்ததால் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, பக்கத்திலுள்ள பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பிடப் போனார்கள். சாலையின் இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். நடுவில் பேருந்துகள். போனில் பேசிக்கொண்டே நடந்தார்கள்.

"பா, மெதுவா நடங்க. நான் அந்தப் பூக்கடைக்கிட்ட வந்துட்டேன்."

"உங்கம்மாவ கல்யாணத்துக்கு முன்னாடி இப்படித்தான் பாத்தேன். அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

"போன்ல பேசிக்கிட்டா?"

"அப்ப ஏது போனு. கண்ணாலதான்."

அவள் சிரிப்பது சாலைக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. பிறகு கேட்டாள். "சூன் மாசம் ஏன்பா போகல? மூஞ்சியப் பாத்து சொல்ல முடியலன்னா இப்பச் சொல்லுங்க. நான்தான் இங்க இருக்கேன்ல."

அவர் நின்றார். அவளும் நின்றாள்.

"அம்மா வேண்டிக்கிட்டா, படம் சுத்தமா வந்தா பால்குடம்னு. வந்துச்சு. எடுத்தேன். பதினஞ்சு நாள்கூட ஆகல, இன்னொரு படம் எடுங்கறாரு. நான் போனா என்னா அர்த்தம்? குடுத்தத நம்பலன்னு ஆவாதா? சாமிக்கு மேல ஒரு செக்கிங்கா?"

"அதுக்காகவாப்பா?"

"அம்மாகிட்ட எப்படிச் சொல்வேன்? அவ வேண்டுதல் பலிக்கலன்னா?"

மாதவி போனை மறு காதுக்கு மாற்றினாள். "அந்த சிகரெட் கேஸ் ஞாபகம் இருக்கா பா?"

இருக்காதா? பல ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு துறைமுகத்திலிருந்து அவர் ஏற்றி வந்த பெட்டி. வாயிலில் சுங்கத்துறை ஸ்கேனருக்குள் லோரியை விட்டு, இறங்கி, கோட்டுக்கு அப்பால் நின்றார். படம் சுத்தம். காகிதத்தில் முத்திரை. போய் இறக்கினால் போலிச் சுவருக்குப் பின்னால் கள்ளச் சிகரெட். இரண்டு நாள் போலீஸ் நிலையத்தில் இருந்தார்.

"அதுக்கப்புறம் ஏத்தற ஒவ்வொரு பெட்டியையும் கையால தட்டித் தட்டிப் பாப்பீங்களே. முத்திர இருந்தாலும் தட்டுவீங்க. ஏன்?"

"சத்தம் மாறும். பின்னாடி ஏதாச்சும் இருந்தா சத்தம் காட்டிக் குடுத்துரும்."

"பி.எஸ்.ஏ. அந்தச் சத்தம்தான் பா. மூணு தடவ மாறிச்சு."

பேருந்து ஒன்று நடுவில் வந்து நின்றது. அது நகர்ந்தபோது கன்னையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் காதில்தான் இருந்தது.

"பெட்டின்னா எனக்குத் தெரியும் மா," என்றார். "இது என் உடம்பாச்சே."

இரண்டு வாரம் கழித்து டாக்டர் விமலன் இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடப்பக்கம் 2023இன் சி.டி.; சாம்பல் நிறத்தில் இடுப்பு, சுத்தம். வலப்பக்கம் புதியது. இடுப்புக்குள் மூன்று இடத்தில் வெளிச்சம். அதற்கு மேல் முதுகெலும்பில் இரண்டு, விலாவில் ஒன்று, வலது இடுப்பெலும்பில் ஒன்று. பி.எஸ்.ஏ. 4.1.

கன்னையா எழுந்து போய் இடப்பக்கப் படத்தில், வலது இடுப்பெலும்பின் மேல் விரலை வைத்தார்.

"இது அப்பவே இங்க இருந்துச்சா?"

"தெரியாது அங்கிள். இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். இந்தப் படத்துக்கு அதச் சொல்லத் தெரியாது."

"போன வருஷம் வந்திருந்தா?"

டாக்டர் பொய் சொல்லவில்லை. "ஒருவேள இடுப்போட முடிஞ்சிருக்கலாம். ரேடியேஷன்ல அழிக்கப் பாத்திருப்போம். இப்ப அழிக்க முடியாது. ஊசி, மாத்திர போட்டு அடக்கி வைக்கலாம். சில வருஷம்."

மாதவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கன்னையா நாற்காலிக்குத் திரும்பி, ஊசிக்குத் தேதி கேட்டார்.

வீட்டில் சந்திரகலாவிடம் அவரே சொன்னார், பலகையில் செருகிய கடிதம் உட்பட. சந்திரகலா அழுது முடித்து, முகம் கழுவி, அலமாரியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தார். தைப்பூசத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது.

"கலா," என்றார் கன்னையா. "போன தடவ நீ என்னா கேட்ட? படம் சுத்தமா வரணும்னு கேட்ட. சுத்தமாத்தான் வந்துச்சு. சாமியச் சொல்லிக் குத்தமில்ல."

நாணயம் கையில் இருக்கச் சந்திரகலா அப்படியே நின்றார். "அப்ப இந்தத் தடவ என்னா கேக்கறது?"

"ஒன்னும் கேக்காத. ஊசி தேதி பதினெட்டு. காலண்டர்ல எழுது."

சந்திரகலா சமையலறைச் சுவருக்குப் போனார். பிப்ரவரி பதினொன்றில் சிவப்பில் தைப்பூசம் என்று அச்சாகியிருந்தது. பதினெட்டு அதற்கு நேர் கீழே, வெறும் கட்டமாக இருந்தது. அதில் பேனாவால் ஊசி என்று எழுதினார். மை சரியாக இறங்கவில்லை. அதே எழுத்தின் மேல் இன்னொரு முறை அழுத்தி எழுதினார்.