கிணற்று நீரில் கிடந்த அம்மன்

கனகசிங்கத்தின் உத்தியோகம் என்னவென்று கொக்கட்டிச்சோலையில் எவருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. அருங்காட்சியகத்தில் வேலை என்றால் சீட்டுக் கிழிக்கிறவர் என்று நினைத்தார்கள். பழைய பொருட்கள் மேலும் பழுதாகாமல் பார்ப்பதே தன் வேலை, புதிதாக்குவதல்ல என்று ஒருமுறை மாமனாருக்கு விளக்கினார். மாமனார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அப்ப மருமகன், அரைகுறையா விட்டுப்போட்டுச் சம்பளம் எடுக்கிற ஒரே ஆள் நீங்கதான்" என்றார். அந்தப் பகிடி அவர் சாகும்வரை ஓயவில்லை.

கொழும்பில் நெடுங்காலம் வேலை செய்துவிட்டு, மட்டக்களப்புக்கு மாற்றலாகி, மனைவி இலட்சுமிப்பிள்ளையின் வீட்டோடு வந்து சேர்ந்தார். ஒரே மகள் ஆர்த்திகா. இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மார்கழி விடுமுறைக்கு அவள் கடற்கரையிலிருந்த மாமி வீட்டுக்குப் போயிருந்தாள். கடல் வந்தது. மாமியைக் கண்டெடுத்தார்கள். ஆர்த்திகாவைக் கண்டெடுக்கவில்லை.

கனகசிங்கம் அழவில்லை. ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் கிடத்தியிருந்தவர்களை வரிசையாகப் பார்த்துவிட்டு வந்து, கால் கழுவி, சோறு கேட்டார். இலட்சுமிப்பிள்ளை போட்டாள். ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டார்கள். அதன்பிறகு அந்த வீட்டில் எல்லாம் அப்படித்தான் நடந்தது.

மூன்று மாதம் கழித்து, அதே கரையில் அள்ளுண்டுபோன கோயிலின் அம்மன் சிலையை மீனவர்கள் மணலுக்குள்ளிருந்து எடுத்தார்கள். மரச் சிலை, பத்து வயதுப் பிள்ளையின் உயரம். நல்லது செய்வதாக நினைத்து வெயிலில் காயவைத்தார்கள். மத்தியானத்துக்குள் இடது கை 'டிக்' என்று வெடித்தது. அப்போதுதான் கனகசிங்கத்துக்கு ஆள் அனுப்பினார்கள்.

"காயவிடக் கூடா. தண்ணிக்குள்ள வைக்கணும்" என்றார் அவர்.

கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கடல் குடிச்சது காணாதா தம்பி? மறுகாவும் தண்ணியா?"

"இது நல்ல தண்ணி. மரத்துக்குள்ள உப்பு நிக்குது. அப்படியே காஞ்சா உப்பு முத்தி மரத்தைப் பிளந்துபோடும். உப்பை எடுத்துத்தான் ஆறுதலாக் காயவைக்கணும்."

"எவ்வளவு காலம்?"

"மூணு வருசம் வரும்."

கடலுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று ஊரே சொன்னது. ஆகவே அம்மன் வாவியைத் தாண்டி, கனகசிங்கத்தின் வளவிலிருந்த சீமெந்துத் தொட்டிக்கு வந்தாள். வெள்ளிதோறும் பழைய நீரைத் திறந்துவிட்டு, கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்து நிரப்பினார். திறந்துவிடுமுன் கொஞ்ச நீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஒரு சொட்டு மருந்து விடுவார். பால்போல வெளுத்தால் உப்பு இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வெளுத்தது.

இலட்சுமிப்பிள்ளை அந்தத் தொட்டிப் பக்கமே போவதில்லை. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இஞ்சேருங்க, பிள்ளைக்குப் படைச்சு ஒரு கடமை செய்யணும்."

"கண்டெடுக்கல்லயே."

"கண்டெடுக்காட்டி?"

அவர் வாளியைக் கீழே வைக்கவில்லை.

"மரத்துக்குக் கிழமைக்குக் கிழமை தண்ணி மாத்துறீங்க. எண்ட பிள்ளைக்கு ஒரு சிரட்டைத் தண்ணி வார்க்க உங்களுக்குக் கையில்ல."

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. கிணற்றடிக்குத் திரும்பிப் போனார்.

இரண்டாயிரத்து ஏழு பங்குனியில் குழாய் நீர் முதன்முறையாகத் தெளிவாக நின்றது. இனி மெல்லக் காயவைக்கலாம் என்றிருந்த அதே கிழமையில் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்குள் செல் குண்டுகள் விழத் தொடங்கின. வெல்லாவெளிப் பக்கத்துச் சனம் ஏற்கனவே தெருவில் வந்துகொண்டிருந்தது. அயலில் எல்லாரும் நெல்மூட்டையையும் சட்டிபானையையும் கட்டினார்கள். கனகசிங்கம் சிலையைத் தூக்கி, ஈர வெள்ளைச் சீலையால் தலைமுதல் கால்வரை சுற்றிக் கயிறு போட்டார். இலட்சுமிப்பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, கால்மாட்டைப் பிடித்தாள்.

வாவியைக் கடக்கும் தோணியில் இடமில்லை. ஆனால் அந்த வெள்ளைப் பொதியைக் கண்டதும் சனம் தானாகவே ஒதுங்கியது. நடுவில் கிடத்தினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

எதிரே இருந்த வெல்லாவெளிப் பெண்ணொருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "ஆருகா இது? சின்னதாக் கிடக்கே."

சிலை என்று சொல்லக் கனகசிங்கம் வாயெடுத்தார்.

"மகள்" என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

"ஐயோ எண்ட தாயே! என்ன பேர் புள்ளைக்கு?"

"ஆர்த்திகா."

அந்தப் பெண் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். முன்பின் கண்டறியாத பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கிளியே என்றும் குருத்தே என்றும் ஒப்பாரி வைத்தாள். தோணியிலிருந்த மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு வருடம் வாய்விட்டு அழாத இலட்சுமிப்பிள்ளை அப்போதுதான் குரலெடுத்தாள்.

வெயில் ஏற ஏறச் சீலை ஓரங்களில் காயத் தொடங்கியது. இலட்சுமிப்பிள்ளை குனிந்து, வாவியிலிருந்து இரு கையாலும் நீரை அள்ளி, தலைமாட்டில் வார்த்தாள். மீண்டும் அள்ளினாள். "குடி, மகள்" என்றாள்.

கடலோடு கலக்கும் வாவி; நீர் உப்பு. அவர் இரண்டு வருடமாக எடுத்த உப்பு. கனகசிங்கத்தின் கை அவளைத் தடுக்க நீண்டது. பாதியில் நின்றது. பிறகு அது கீழே போய், தோணி ஆடும்போது பொதி உருளாதபடி தோளைத் தாங்கிக்கொண்டது. அவள் களைக்கும்வரை வார்த்தாள். அக்கரையில் நின்ற இராணுவத்தினர் பொதியை அவிழ்க்கச் சொல்லவில்லை.

அகதிகள் தங்கிய பள்ளிக்கூடத்தில், ஒரு கிணற்றடியில், இரவல் வாங்கிய மீன் பெட்டிக்குள் அம்மன் மீண்டும் நீரில் கிடந்தாள். தோணியில் வந்த நாளிலிருந்து எண்ணி, இலட்சுமிப்பிள்ளை மகளுக்கு முப்பத்தோராம் நாள் கடமையாகப் படைத்தாள். கனகசிங்கத்தை அவள் கூப்பிடவில்லை. அவரே வந்து இலையின் முன் உட்கார்ந்து, செம்பை எடுத்து நீர் தெளித்தார். அழுகை வரவில்லை. வரும் என்று அவர் எதிர்பார்க்கவுமில்லை.

அன்று பின்னேரம் குழாயில் மருந்துச் சொட்டை விட்டார். பால்போல வெளுத்தது. முதலிலிருந்து தொடங்கினார்.

யுத்தம் முடிந்த இரண்டாயிரத்து ஒன்பதில், புதிதாய்க் கட்டிய கோயிலுக்குச் சிலை போனது. வண்ணக்கர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது கையில் அந்தப் பழைய வெடிப்பைத் தவிர வேறொன்றுமில்லை.

"மூணு வருசம் எண்டீங்களே தம்பி. நாலு கடந்துபோச்சு."

"இடையில ஒருக்கா உப்புத் தண்ணி பட்டுட்டு."

"ஐயையோ. கவனமா இருந்திருக்கக் கூடாதா?"

இலட்சுமிப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றாள். கனகசிங்கம் அவள் பக்கம் திரும்பவில்லை.

"ஓம்" என்றார். "எண்ட பிழைதான்."