ஸ்பிரிங்குக்குள் இருந்த ரப்பர்

கிண்ணியா அஸீமைப் பிடித்தவர்கள் குறைவு. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. சீனன்குடாவில் ஸ்டோர் கீப்பர் வேலை. வாரம் முழுக்க, கேட்டு வந்தவனிடம் “இல்லை” என்று சொல்வதே தொழில். லீவு நாளிலும் அந்தச் சுகத்தை விட மனமில்லாமல் ஓர் அமெச்சூர் கார்க் கழகத்தில் வாகனப் பரிசோதகராகச் சேர்ந்தார்.

கழகத்தின் ஓட்டோகிராஸ் கந்தளாய்ப் பக்கம் ஒரு கிறவல் மண் மைதானத்தில் நடக்கும். கூம்புகளை வைத்து, அவற்றுக்கிடையே ஒவ்வொரு காராக வளைத்து ஓட விட்டு நேரம் பார்ப்பார்கள். ஸ்டாண்டர்ட் பிரிவுக்கு விதி சுருக்கம். சொக் அப்சோபரை மாற்றலாம். ஸ்பிரிங்கைத் தொடக் கூடாது, அதற்குள் எதையும் செருகிக் காரை உயர்த்தவும் கூடாது. ஆள் பற்றாத கழகம் என்பதால் பரிசோதகரும் ஓடலாம். போன வருடக் கப் அஸீமுக்கு. இரண்டாமிடம் வெருகல் தர்மசீலனுக்கு. அன்றிலிருந்து இருவரும் கதைப்பதில்லை. கதைத்தால் அது சண்டை.

பரிசோதகர் கைகாட்டும் கார்களை மட்டுமே தூக்கிப் பார்ப்பது வழக்கம். இந்த வருடம் தர்மசீலனின் கார் ஜாக்கில் ஏறியது. டோர்ச்சோடு அடியில் புகுந்த அஸீம் வெளியே வந்தபோது முகத்தில் பெருநாள்.

“பின் ஸ்பிரிங் ரெண்டுலயும் ரப்பர். ஓட ஏலாது.”

“அது நான் வாங்கேக்கையே இருந்தது, நானா.”

“அதை ரப்பருக்கிட்டச் சொல்லுங்க.”

“சரி. அப்ப உங்கட காரையும் தூக்குங்கோ. விதி உங்களுக்கு மட்டும் மச்சான் முறையோ?”

“வடிவாப் பாருங்க. நான் ஒரு ஆணியும் மாத்தினதில்ல.”

அது உண்மைதான். அவர் மாற்றவில்லை. ஆனால் அவர் ஊர்க் குறிஞ்சாக்கேணி ரோட்டுக் குழியில் வயிறு தட்டாத கார் கிடையாது. ஆகவே அந்தப் பக்கத்துக் கராஜ்காரர் முதல் சேர்விஸிலேயே ஸ்பிரிங் சுருளுக்குள் ரப்பரைத் திணித்துவிடுவார்கள். சொந்தக்காரனிடம் சொல்வதுமில்லை, கறிக்கு உப்புப் போட்டதை யார் சொல்கிறார்கள்? ஊர்க் கார்கள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்க, அதுவே கொம்பனி உயரம் என்று அஸீமும் நம்பியிருந்தார்.

அஸீமின் காரும் ஜாக்கில் ஏறியது. அதன் அடியில் புகுந்த தர்மசீலன் எழும்பவே இல்லை. படுத்தபடியே எண்ணினார்.

“நாலு, நானா. எனக்கு ரெண்டுதான். கள்ளத்திலயும் நீங்கள்தான் முதலாமிடம்.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அஸீம் குனிந்து பார்த்தார். நாலுதான்.

ஓட்டக்காரர் பட்டியலை வைத்திருந்த இலட்சுமி, தானும் அந்தப் பிரிவில் ஓடுபவர், சமாதானத்துக்கு வந்தார். “ஊர் வழமை எண்டு ரெண்டு பேரையும் விடுவம். ஆருக்கு நட்டம்?”

எல்லோருக்கும் பிடித்த முடிவொன்றை எடுக்கும் சந்தர்ப்பம் அஸீமுக்கு வாழ்க்கையில் முதன்முறையாக வாய்த்தது. அவருக்கு அருவருத்தது. ஆறு வருடத்தில் இதே விதியைச் சொல்லிப் பதினொரு கார்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். இன்று விட்டால் பதினொரு பேரும் அவரைப் பொய்யன் என்பார்கள். ‘கரடிக் குணம்’ என்றவர்கள்கூட இதுவரை அந்தச் சொல்லை மட்டும் சொன்னதில்லை. பட்டியலை வாங்கினார். தன் பெயரை வெட்டினார். அதே கோட்டை நிறுத்தாமல் தர்மசீலன் பெயர் வரை இழுத்தார்.

“அப்ப போன வருசக் கப்?” தர்மசீலன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினார். “ரெண்டாமிடம் நான். கொண்டு வந்து தாங்கோ.”

“வாங்கேக்கையே ரப்பர் இருந்தது எண்டு உங்கட வாயாலதானே சொன்னீங்க? போன வருசமும் இதே கார்தானே?”

தர்மசீலன் தட்டிய மண்ணையே மறுபடி தட்டத் தொடங்கினார். அஸீமுக்குக் கப் போன கவலை அந்த ஒரு கணத்தில் பாதி ஆறிற்று.

இலட்சுமி மெல்லச் செருமினார். “மூண்டாமிடம் நான்தான், நானா. கப்பை நாளைக்குக் கொண்டு வந்தால் போதும்.”

அஸீம் டோர்ச்சை எடுத்தார்.

“உங்கட காரைத் தூக்குங்க, தங்கச்சி.”