மூடாத டம்ளர்கள்

திருவண்ணாமலையில் கொடுப்பதற்கு ஆளில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் நடந்தால் கையில் சாம்பார் சாதத்தைத் திணிக்காமல் விடமாட்டார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். தண்ணீர்ப் பந்தல், நிழற்குடை, சாமியார்களுக்குப் போர்வை, மாடுகளுக்கு அகத்திக்கீரை, எல்லாவற்றுக்கும் உபயதாரர் உண்டு. மலைச் சரிவில் சாணியை உருட்டிக்கொண்டு போகிற வண்டுக்குத்தான் நாதியில்லை. சௌம்யா அந்த வண்டுக்காகத்தான் வருஷக்கணக்காக உபயதாரர் தேடினாள்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் நெல்லும் மணிலாக் கொட்டையும் போடுகிற சமணக் குடும்பம் அவளுடையது. இருட்டுவதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் வாயில் வைக்கமாட்டார்கள். அப்பா சாந்திகுமார் ஏர் ஓட்டும்போது மண்ணில் சாகிற புழுக்களுக்காக மாதத்தில் இரண்டு நாள் பட்டினி கிடப்பார். இப்படிப்பட்ட வீட்டுப் பெண் விலங்கியல் படித்து, டவுனில் ஒரு கல்லூரியில் பிஎச்டி-க்குச் சேர்ந்து, ரமணாசிரமம் பக்கம் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள்.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் எளிமையானது. மலையைச் சுற்றியுள்ள காப்புக்காடு அரசாங்க நிலம். ஒவ்வொரு கோடையிலும் எவனாவது ஒரு புண்ணியவான் கற்பூரத்தையோ பீடியையோ போட்டுவிட்டுப் போக, ஒரு சரிவு எரியும். எரிந்த மண்ணுக்கு வண்டும் எறும்பும் எந்த வரிசையில் திரும்பி வருகின்றன என்று தெரிந்தால், மண் எவ்வளவு தேறியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். இதைச் சொல்வதற்குப் பணம் தர யாருமில்லை. தேசிய முக்கியத்துவம் இல்லை என்று டில்லியில் தள்ளினார்கள். உள்ளூர் விஷயம் என்று சென்னையில் தள்ளினார்கள். அது உள்ளூர் விஷயம்தான், மலை இங்கேதானே இருக்கிறது.

கடைசியில் பெங்களூரில் ஓர் அறக்கட்டளை கதவைத் திறந்தது. காடு, ஏரி, மேய்ச்சல் புறம்போக்கு என்று பொது நிலங்களில் ஆராய்ச்சி செய்கிற மாணவர்களுக்கு இரண்டு வருஷ உதவித்தொகை. முதல் வருஷ வேலையைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது வருஷப் பணம். அது வந்தால் பட்டம். வராவிட்டால், இத்தனை நாள் ஒத்திப்போட்ட கல்யாணப் பேச்சைப் பேச வீட்டில் காத்திருந்தார்கள்.

விண்ணப்பத்தில் வேலை செய்யும் முறையை எழுதச் சொன்னார்கள். எல்லாரும் எழுதுவதையே அவளும் எழுதினாள். பிளாஸ்டிக் டம்ளர்களை விளிம்பு மட்டும் தெரிகிற மாதிரி மண்ணில் புதைப்பது, உள்ளே ஸ்பிரிட் ஊற்றுவது, விழுந்து சாகிற பூச்சிகளைப் பதப்படுத்தி நிபுணர்களுக்கு அனுப்புவது. எழுதும்போது அவளுக்கு ஒன்றும் உறுத்தவில்லை. பணம் வந்துவிட்டது என்று தெரிந்தபோது ஆடிப்பாடினாள்.

ஊருக்குப் போனபோது சாந்திகுமார் அந்த டம்ளர்களைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதுல வுழுந்தா செத்துடுமாம்மா?"

"இல்லப்பா. எண்ணிட்டு வுட்டுடுவேன்."

பொய்தான். ஆனால் சரிவில் முதல் டம்ளரின் முன் ஸ்பிரிட் பாட்டிலோடு உட்கார்ந்தபோது, உள்ளே ஒரு சின்னக் கருவண்டு ஏறுவதும் வழுக்குவதுமாக இருந்தது. அவளால் ஊற்ற முடியவில்லை. அந்தப் பொய்யை உண்மையாக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. அன்றிலிருந்து மாதத்தில் ஒரு வாரம், சாயங்காலம் மூடியைத் திறந்து வெறும் டம்ளராக விட்டு வருவாள். விடிந்ததும் ஏறிப்போய், விழுந்ததை எண்ணி, படம் எடுத்து, கவிழ்த்து விட்டுவிட்டு, டம்ளரை மறுபடி மூடிவைப்பாள். பெங்களூருக்கு இதை எழுதவில்லை. எழுதினால் பணம் நின்றுவிடும் என்று பயம். அவளுடைய கைடு அருள்ராஜ் மலைப்பக்கம் எட்டிப் பார்க்கிறவர் இல்லை. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்.

அதே துறையில் படித்த வினோதினி மட்டும் கேட்டாள். கீழ்பென்னாத்தூர் ஏரியின் நத்தைகளைப் பற்றி விண்ணப்பம் எழுதிவிட்டு, அதே அறக்கட்டளையின் பதிலுக்காகக் காத்திருந்தவள் அவள்.

"அக்கா, போட்டோவ வெச்சி பாதி வண்டுக்குப் பேரே வெக்க முடியாதே. அவங்க கேட்டா இன்னா காட்டுவ?"

"அப்ப பாத்துக்கலாம்டீ" என்றாள் சௌம்யா. அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தே நம்மில் பாதிப்பேர் கெட்டுப்போகிறோம்.

கார்த்திகை வந்தது. புயல் என்று டிவியில் கத்திக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முன்னால்தான் பூச்சி ஜாஸ்தியாக வெளியே வரும் என்று சௌம்யா போனாள். சரிவு முழுக்க டம்ளர்களைத் திறந்து, மூடிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினாள். காலையில் வந்துவிடப் போகிறோம், அவ்வளவுதானே.

இரவு மழை கொட்டித் தீர்த்தது. காலையில் மலையடிவாரத்தில் கயிறு கட்டி, வனக் காவலர் கபாலி ரெயின்கோட்டோடு நின்றிருந்தார்.

"மேல ஒருத்தரையும் வுடக் கூடாதுன்னு ஆர்டரும்மா. பாறை உருண்டுகினு இருக்குது."

"அண்ணே, பர்மிஷன் இருக்குதுண்ணே. போயி மூடிட்டு உடனே வந்துடறேன்."

"தீபம் முடியற வரைக்கும் இப்படித்தான். உனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்தாம்மா பதில் சொல்லணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவள் வனத்துறை அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே எல்லாரும் தீபப் பாதுகாப்பு வேலையில் இருந்தார்கள். டம்ளரை மூட வேண்டும் என்று சொன்ன பெண்ணை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மறுபடி கபாலியிடம் வந்து, மூடிகளையாவது கொண்டுபோய் மூடிவிடுங்கள் என்று பையை நீட்டினாள். காவலை விட்டு நகர முடியாது என்றார். அறைக்குத் திரும்பி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மழை விட்டு விட்டுப் பெய்தது. உச்சியில் தீபம் ஏற்றினார்கள். தெருவெல்லாம் அரோகரா என்று எழுந்தது. அவள் வெளியே வந்து பார்க்கவில்லை.

கூட்டமெல்லாம் கலைந்த பிறகே கயிற்றை அவிழ்த்தார்கள். சௌம்யா தனியாக ஏறினாள். முதல் டம்ளருக்கு முன்பே நாற்றம் வந்தது. சேற்றுத் தண்ணீர் விளிம்பு தட்டி நின்றது. வண்டும் எறும்பும் ஊறி உப்பிக் கூழாகக் கிடந்தன. ஒன்றில் குட்டித் தவளைகள். ஒன்றில் அரணை. இன்னொன்றில் ஒரு மூஞ்சூறு, முன்னங்கால்கள் டம்ளர் சுவரில் ஒட்டியபடி. ஸ்பிரிட் என்றால் நொடியில் முடிந்திருக்கும். இவை நீந்தி நீந்திக் களைத்துச் செத்திருந்தன. யாருக்கும் உதவாமல், ஒரு பாட்டிலில் போட்டு வைக்கவும் லாயக்கில்லாமல். சௌம்யா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். கடைசி டம்ளர் வரை அழுதுகொண்டே போனாள்.

தை மாதம் அறக்கட்டளையிலிருந்து சைலஜா மேடம் வந்தார். பதப்படுத்திய பூச்சிகள் எங்கே என்று கேட்டார். சௌம்யா செல்போன் படங்களைக் காட்டி, ஸ்பிரிட் ஊற்றவே இல்லை என்றும் அதற்கான காரணத்தையும் சொன்னாள். மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"கொல்லமாட்டேன்னு முன்னாடியே எழுதியிருந்தா அதுக்கும் வழி இருந்துதும்மா. சாகடிக்காம செய்யற ஆராய்ச்சிக்கும் நாங்க பணம் தர்றோம். எழுதினது ஒண்ணு, செஞ்சது ஒண்ணுன்னா நான் என்னன்னு சொல்லி பணம் கேக்கறது?"

அந்த வார்த்தை அவளைக் கொன்றது. கேட்டிருந்தாலே கொடுத்திருப்பார்கள். பணம் நின்றது. பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. சரியாக மேற்பார்வை இல்லாத துறைக்கு இனி மாணவர் உதவித்தொகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வினோதினியின் ஏரியும் அதோடு போயிற்று. அவள் சண்டைக்கு வரவில்லை. எதிரே வந்தால் செல்போனைப் பார்த்தபடி விலகிப் போனாள்.

அப்பாவிடம் சௌம்யா சொன்னது பாதிதான். "மருந்து ஊத்தி கொல்லலன்னு பணத்த நிறுத்திட்டாங்கப்பா." சாந்திகுமாருக்கு அது போதும். ஊரெல்லாம் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜினாலயத்தில் அபிஷேகம் முடிந்ததும் பெரியவர்கள் அவளை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார்கள். படிப்பே போனாலும் ஓர் உயிரைக் கொல்லாத பெண் என்று சொல்லி சால்வை போர்த்தினார்கள். பெண்கள் தங்கள் குழந்தைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். சாந்திகுமார் தூணோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. சௌம்யாவுக்குச் சால்வைக்குள் வியர்த்து ஊற்றியது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், மணிலாக் கொல்லை ஓரமாக நடக்கும்போது அவளால் தாங்க முடியவில்லை.

"அப்பா, எல்லாம் செத்துடுச்சிப்பா. மழையில என்னால போக முடில. தொறந்து வெச்சது நான்தான். டம்ளர்லயே முழுகிச் செத்துடுச்சி."

சாந்திகுமார் நின்றுவிட்டார். வரப்பைப் பார்த்தபடி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். எதையோ மனசுக்குள் கணக்குப் போடுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. இத்தனை உயிருக்கு இத்தனை நாள் பட்டினி என்று கழித்துவிடப் பார்க்கிறார்.

"எத்தினி இருக்கும்?" என்றார்.

சௌம்யா சால்வையைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"எண்ணலப்பா. பாக்க முடில. அப்படியே கொட்டிட்டேன்."

"எண்ணறதுக்குத்தானம்மா நீ அங்க போன?" என்றார் சாந்திகுமார்.