முதல் ஆளாய்க் கரையேறியவள்

அறுபதுகளின் நடுவில், தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக்கிடந்த ஒரு கார்த்திகை மாதம். வத்திராயிருப்புக்கு மேற்கே, மலையடிவாரத்து ஓடை ஒன்றில் நடந்தது இது.

எங்களுக்குத் திருத்தங்கல். என் கணவர் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் போர்மேன். சீசன் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் தங்க மாட்டார். பள்ளிக்கூடத்தில் படித்தபோது சாரணர் முகாமுக்குப் போய்க் கூடாரத்தில் படுத்துவந்த கதையைக் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பார். பிள்ளைகளையும் ஒரு தடவை அப்படிக் கூட்டிப்போக வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. கோயில் கொடையைத் தவிர வேறு எதற்கும் வெளியில் போய்ப் படுத்தறியாத குடும்பம் எங்களுடையது. ஆனாலும் சரி என்றேன்.

ஏற்பாட்டில் மனிதர் புலி. கம்பெனி லோடுக்கு மேலே போர்த்தும் லாரிப் படுதா, மூங்கில் கம்பு, அரிக்கேன் விளக்கு, கம்பளி, காயம் பட்டால் போட டிங்சர் என்று வில்வண்டி நிறைய ஏற்றினார். தீயணைக்க ஒரு வாளி மணலும் எடுத்துக்கொண்டார். இடம் பார்த்தபோதும் அவர் கண்ணில் தீதான் நின்றது. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டதால் இரண்டு கரையிலும் புல் காய்ந்து கிடந்தது.

"நாம அடுப்புப் பத்த வைக்கணும். ஒரு பொறி தெறிச்சாப் போதும், அம்புட்டும் பத்திக்கிடும். நடு மணல்தான் பத்திரம்" என்றார்.

ஓடையின் நடுவில் மேடாகக் கிடந்த மணலில் கூடாரம் எழும்பியது. ஓரமாகக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. "மணலுக்குள்ளயே உக்காந்துக்கிட்டு வாளியில வேற மணல் வச்சிருக்கீக" என்று கேலி செய்தேன். அவரும் சிரித்துவிட்டார். கரிசல் பூமியில் பிறந்தவர்கள் நாங்கள். தண்ணீரைத் தேடி அலைந்திருக்கிறோம், அதற்குப் பயந்ததில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் அறைகளுக்கு நாலு பக்கமும் வாசல் இருக்கும். சின்னதாக ஒரு சீற்றம் கேட்டாலும் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு, பக்கத்தில் எந்த வாசலோ அதன் வழியே ஓடிவிட வேண்டும். யாரையும் தேடக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. புதிதாகச் சேர்கிற ஆட்களுக்கு அவர் முதலில் பழக்குவது இதைத்தான். வீட்டில் பிள்ளைகளுக்கும் விளையாட்டாகப் பழக்கியிருந்தார். அவர் "ஓடு!" என்று கத்துவார், வீட்டை விட்டு முதலில் வெளியேறுகிறவர் இரண்டு கையையும் தூக்க வேண்டும். ஏழு வயது மகள்தான் எப்போதும் ஜெயிப்பாள்.

வெயில் தாழ்ந்த நேரம். எங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்துக் கிடந்தது, மலை உச்சி மட்டும் கறுத்திருந்தது. மூன்று வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அரிசி களைந்தேன். தண்ணீர் திடீரென்று செம்மண்ணாகி, சருகுகளை இழுத்துக்கொண்டு வந்தது. கம்பை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த அவர் மேற்கே நிமிர்ந்து பார்த்தார்.

"ஓடு!" என்றார்.

அந்தக் குரலுக்கு என் கால் பழகியிருந்தது. பானையைப் போட்டுவிட்டு மகனோடு வடக்குக் கரைக்கு ஓடினேன். எனக்குப் பின்னாலேயே அவரும் ஏறிவிட்டார். எங்களைக் கூட்டிவந்து கரையில் நின்ற வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு கத்தினார். அப்போதுதான் மகள் எங்களோடு இல்லை என்று தெரிந்தது.

கீழே தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது. கூடாரத்தின் படுதா மூடிக்கிடந்தது. "பாப்பா உள்ள தூங்குதா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது. அவர் தண்ணீரில் குதித்துப் போய்ப் படுதாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு எங்களை நோக்கித் திரும்பும்போது, மரக்கட்டைகளோடு ஒரே சுவராக வந்த வெள்ளம் கூடாரத்தையும் அவரையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது.

எவ்வளவு நேரம் கத்தினேன் என்று தெரியாது. தொண்டை கட்டி நான் நிமிர்ந்தபோது, எதிர்க் கரையில் ஆடு மேய்க்கிறவர் ஒருவர் எங்களுக்குத் தெரியட்டும் என்று என் மகளைத் தோள்மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார். அந்தப் பக்கம் கூழாங்கல் பொறுக்கப் போயிருந்தவள், அப்பாவின் சத்தம் கேட்டதுமே பக்கத்துக் கரையில் ஏறிவிட்டிருக்கிறாள். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். கூடாரம் போனதைப் பார்த்தவளுக்கு, அதோடு யார் போனார் என்று தெரியவில்லை.

தண்ணீர் வடிந்ததும் மறுநாள் அந்த மனிதர் அவளைச் சுமந்துவந்து என்னிடம் விட்டார். தன் கம்பளியைப் போர்த்தி, ஆட்டுப்பால் கொடுத்து வைத்திருந்திருக்கிறார். அப்பாவைப் பற்றி அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லும் வேலையை எனக்கு விட்டுவைத்தாரே என்று அன்றைக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. கணவரை அதே ஓடையில் வெகுதூரம் தள்ளி எடுத்தார்கள்.

"நான் அப்பா சொன்ன மாதிரிதானம்மா ஓடுனேன்? அவுக மட்டும் ஏன் திரும்பிப் போனாக?" என்று பல வருஷம் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்த பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அவர் திரும்பிப் போன காரணம் எனக்கும் தெரியும். ஆனால் அவள் கையைத் தூக்கும் வரை ஒரு நிமிஷம் அவர் கரையிலேயே நின்றிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் நான் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.