பச்சைப் பின்னணியில் ஒரு மறுப்பு

“தோட்டத்துப் பிள்ளையா? அப்போ பட்டன் கலர் மாத்துற வேலை கொடுங்க லா, அது போதும்.”

இணையத்தளங்கள் கட்டித் தரும் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் நான் சேர்ந்த அன்று டீம் லீடர் சொன்னது இது. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் எங்கள் குடும்பத்தில் ஆரம்பப் பள்ளியைத் தாண்டிய முதல் ஆள் நான். கொடுத்த வேலையைச் செய்தேன்.

கிள்ளானில் ஒரு கண் மருத்துவமனைக்கு முன்பதிவுத் தளம் கட்டினோம். குறைந்த கட்டணத்தில் கண்புரை சிகிச்சைக்கு அதில்தான் இடம் பிடிக்க வேண்டும். நாங்கள் பயன்படுத்தும் ஃபிரேம்வொர்க் என்ற ஆயத்த நிரல் தொகுப்பு, புதுத் தளம் தொடங்கியதுமே ஒரு வரியைத் தானாக எழுதித் தரும்: பழைய பிரவுசரை உள்ளே விடாதே. லீடர் அதைத் தன் கண்டுபிடிப்பு போலக் காட்டிப் பாராட்டு வாங்கினார். தடுக்கப்பட்டவர் பார்க்கும் பக்கத்தை அழகாக்குவது என் வேலை. மருத்துவமனைச் சின்னத்தைப் பெரிதாக வைத்தேன். பின்னணி நல்ல பச்சை. மறுப்பு ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில்.

எங்கள் வீட்டில் கைப்பேசி படிப்படியாக இறங்கும். எனக்கு வாங்கியது தம்பிக்குப் போய், திரை கீறிய பிறகு அம்மாவுக்கு வரும். அம்மாவுக்குக் கேரி தீவில் செம்பனை நாற்றங்காலில் வேலை; வலது கண்ணில் புரை. தளத்தின் முகவரியை அனுப்பினேன். கிடைத்துவிட்டது என்று பதில் வந்தது. நம்பினேன்.

கோவிட் நாட்களில் கடை வாசலில் கைப்பேசித் திரையைக் காட்டினால் உள்ளே விடுவார்கள். அந்தப் பழக்கத்தில், என் பச்சைப் பக்கத்தையே அனுமதி என்று எண்ணி, நல்ல சேலை கட்டி, பஸ் ஏறி, அதை மருத்துவமனைக் கவுன்ட்டரில் நீட்டியிருக்கிறார் அம்மா. திரும்பி வந்து என்னிடம் சொன்னார்:

“அந்தப் பொண்ணு சிரிச்சிச்சும்மா. போன் பழசு, உள்ள விடாதுன்னு எழுதியிருக்காம்.”

எழுதியது நான்தான் என்று சொல்லாமல் தளத்தைத் திறந்து பார்த்தேன். அந்த மாத இடங்கள் தீர்ந்திருந்தன. அடுத்த மாதத்துக்கான முன்பதிவு திங்கட்கிழமை தொடங்கும். நான் பதிந்து தருகிறேன் என்றேன்.

“வேணாம், நானே போடுறேன். எல்லாத்துக்கும் உன்னையே கேட்டா எப்படி?”

தளம் தடுத்து அனுப்பியவர்களின் பட்டியலை லீடரிடம் காட்டினேன்.

“அதெல்லாம் போட் லா. மனுஷன் இல்ல, மெஷின்.”

அதில் ஒரு மெஷின் என் அம்மா என்றேன். அப்படியானால் புதுப் போன் வாங்கிக் கொடு என்று சிரித்தார். பிறகு பாதுகாப்பு என்றார். பெயர், அடையாள அட்டை எண், தேதி என மூன்றே கட்டங்கள் உள்ள படிவத்தில் பழைய பிரவுசருக்கு எது புரியாது என்று கேட்டேன். தானாக வந்த வரிக்குக் காரணம் அவரிடம் எப்படி இருக்கும்? தன் புதுப் போனைத் தவிர வேறெதிலும் அந்தத் தளத்தை அவர் திறந்ததே இல்லை.

அந்த வரியை நீக்கி, அலங்காரம் இல்லாமலும் படிவம் இயங்கும்படி திருத்தினேன். அம்மாவின் கைப்பேசியில் சோதித்தேன், படிவம் போனது. லீடர் ஒப்புதல் தர மறுத்தார்.

நேற்று கிள்ளானுக்குப் போய் மருத்துவமனை மேலாளரிடம் அந்தக் கைப்பேசியைக் கொடுத்து, முதலில் பச்சைப் பக்கத்தையும் பிறகு சோதனை முகவரியில் இருந்த என் படிவத்தையும் திறக்கச் சொன்னேன். இதைப் பற்றிப் பேச வெள்ளிக்கிழமை காலை அவர் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறார். சந்திப்புக்கான அழைப்பை லீடருக்கு நானே அனுப்பிவிட்டேன்.