மகளைக் கடலுக்குக் கூட்டிப்போன நாள்

தை அமாவாசைக் கூட்டம் கலைந்து நான்கு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை ஐந்தேமுக்காலுக்கு உத்தரகோசமங்கையில் பஸ் ஏறினோம். நான், என் வீட்டுக்காரர், ஒன்பது வயது மகள் மங்கை. ராமநாதபுரத்துக்குப் பதினெட்டு கிலோமீட்டர். அங்கே மாறி ராமேஸ்வரத்துக்கு இன்னும் ஐம்பத்தைந்து. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இது ஒரு பயணமே இல்லை. எனக்கு இந்தத் தூரத்தைக் கடக்க இரண்டு வருஷம் ஆயிற்று.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருஷம் ஒரு தியான சபையில் இருந்தேன். பெயர் வேண்டாம். இரண்டாவது பிள்ளை வயிற்றில் தங்காமல் போனபோது அந்தச் சபைப் பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள், வாசல் கூட்டினார்கள், என்னோடு உட்கார்ந்து அழுதார்கள். என் கூடப்பிறந்தவர்கள்கூட அப்படிச் செய்யவில்லை. பிறகு, தியானத்தைவிடக் கோயிலுக்குப் போவது கீழான படி என்றார்கள். விட்டேன். சொந்தக்காரர்கள் மனதைக் கலைப்பார்கள் என்றார்கள். பேச்சை நிறுத்தினேன். கேட்டது ஒவ்வொன்றும் சின்னதாகத்தான் இருந்தது. ஒருநாள் குருநாதர் கண்ணை மூடிக்கொண்டு, "உன் மகளுக்குத் தண்ணீரில் கண்டம் இருக்கிறது. சபையின் காவல் இருக்கும்வரை பயமில்லை" என்றார். வாய்திறந்து யாரிடமும் நான் சொல்லாத பயம் அது. அப்படியே நம்பிவிட்டேன்.

சபையை விட்டு வந்து இரண்டு வருஷமாகிறது. அவர்கள் சொன்ன மற்றதெல்லாம் உதிர்ந்துவிட்டது, இது மட்டும் உதிரவில்லை. மங்கையைக் கண்மாய்ப் பக்கமே விடவில்லை. மழை பெய்தால்கூட அவளைக் கையில் பிடித்துக்கொள்வேன். இந்தப் பயத்தை ராமநாதசாமியிடமே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவோம் என்று நான்தான் கடைசியில் சொன்னேன்.

எட்டு மணிக்கு பஸ் மண்டபம் தாண்டியது. பாம்பன் பாலம் இரண்டே கால் கிலோமீட்டர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் கீழக்கரை அம்மா ஒருவர், பாம்பனில் மகளைப் பார்க்கப் போகிறவர், முழங்கையால் இடித்தார்.

"என்ன புள்ள, தூக்கமா?"

"பயமா இருக்குங்க."

"டிரைவரு கண்ணை மூடுனாத்தான் நாம பயப்படணும். நீ தொறந்து பாரு, அங்கன கப்பல் நிக்கிது."

மங்கை சிரித்தாள். நான் பாதிக் கண்ணால் பார்த்தேன். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பச்சை. பஸ் கரையேறிவிட்டது.

எட்டே முக்காலுக்கு ராமேஸ்வரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். முதலில் அக்னி தீர்த்தக் கடலில் முழுக வேண்டும். பிறகு ஈரத்தோடே கோயிலுக்குள் போய் இருபத்திரண்டு தீர்த்தம் ஆடி, உலர்ந்த துணி மாற்றிக்கொண்டு தரிசனம். அக்னி தீர்த்தம் என்றால் அலை அடிக்கும் என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊர்க் கண்மாய் மாதிரி அசையாமல் கிடக்கிறது. நெடுந்தூரம் போனாலும் இடுப்பளவுதான்.

நான் தண்ணீர் விளிம்பிலேயே நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் சபையிலிருந்து வந்த புதிதில் டீ குடிக்கக்கூட அவரிடம் அனுமதி கேட்பேன். அதிலிருந்து என்னை எதற்கும் அவர் இழுப்பதில்லை.

கைரேகை பார்ப்பவர் ஒருவர் எங்களிடம் வந்தார்.

"தாயி, புள்ள மொகத்துல மகாலெச்சுமி குடியிருக்கா. ஆனா தண்ணியில ஒரு கண்டம் தெரியிதே. தாயத்து ஒண்ணு கட்டுனா வெலகிரும். நூத்தம்பது ரூவாதான்."

நான் யோசிக்கும் முன்னே என் கை பர்ஸுக்குப் போய்விட்டது.

"ஏங்க, இவருக்கும் தெரியிதே. எப்பிடிக் கண்டுபுடிச்சாரு?" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"என்னத்தக் கண்டுபுடிச்சாரு? அவ கையை நீ புடிச்சிருக்குற புடியப் பாத்தா பாம்பன்ல நிக்கிறவன்கூடச் சொல்லுவான்."

"வலிக்குதும்மா" என்றாள் மங்கை.

குனிந்து பார்த்தேன். மணிக்கட்டில் என் நான்கு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

அப்போதுதான் அந்த நோட்டு நினைவுக்கு வந்தது. சபையில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மனதில் உள்ள பாவம், பயம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். படிக்காமல் எரித்துவிடுவோம் என்பார்கள். மங்கை நாலு வயதில் கண்மாய்ப் படியில் வழுக்கி, ஒரு நொடி தண்ணீருக்குள் போய்விட்டாள். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் எழுதியிருந்தேன். குருநாதர் கண்ணை மூடியது அதற்கு அடுத்த மாதம். நான் கொடுத்ததைத்தான் எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஐந்து வருஷம் சாமிப் பெயர் சொல்லி அதைச் சுமந்தேன்.

"வேணாம்யா" என்றேன் கைரேகைக்காரரிடம்.

"கண்டம் தாயி..."

"அது நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்கிட்டதுய்யா."

அவருக்குப் புரியவில்லை. கோபமும் படவில்லை. பக்கத்துக் குடும்பத்திடம் போனார். அந்தப் பிள்ளை முகத்திலும் மகாலட்சுமி குடியிருந்தாள்.

மங்கையின் கையை விட்டேன். விட்டேன் என்று எழுத ஒரு சொல் போதும்; விடும்போது விரல் ஒவ்வொன்றாகத்தான் வந்தது. அவள் அப்பாவோடு தண்ணீருக்குள் நடந்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினாள். எண்ணினேன். மூன்று எண்ணுவதற்குள் தலை வெளியே வந்தது.

"த்தூ, உப்பு" என்றாள்.

ராமநாதா என்று சொல்லி நானும் இறங்கினேன்.

தீர்த்தமாட டிக்கெட் ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். கிணற்று விளிம்பில் நிற்பவர்கள் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு கிணற்றிலும் மங்கை, "அண்ணே, இன்னொரு வாளி" என்றாள். "ஏத்தா, மத்தவுகளுக்கும் தண்ணி வேணும்ல" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார்கள். பதினொன்றரைக்குத் தரிசனம். சந்நிதியில் என்னிடம் யாரும் எதையும் எழுதித் தரச் சொல்லவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன், அவ்வளவுதான்.

திரும்பும்போது பாலத்தில் கண்ணைத் திறந்துகொண்டு வந்தேன். பயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது என் பயம், வேறு யாருடைய வாக்கும் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மங்கை அப்பாவோடு கண்மாயில் நீச்சல் பழகுகிறாள். நான் கரையில் நிற்கிறேன். வெறும் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அதனால் அவள் துண்டைப் பிடித்துக்கொள்கிறேன்.